பனிமலை லிஃப்ட்கள்: மதுரையிலிருந்து கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ரோப்வே பராமரிப்பு வேலையில் சில வருடம் இருந்தேன். இப்போது ஒவ்வொரு ஜனவரியிலும் மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கத்துக் குடும்பங்களைச் சிறு குழுவாகக் காஷ்மீரின் குல்மார்க்குக்குப் பனிச்சறுக்குக்கு அழைத்துப் போகிறேன். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு எல்லோரும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். அங்கே ஸ்வெட்டர், ஷூ பற்றியெல்லாம் கேள்வி வரும். ஆனால் திரும்பத் திரும்ப வருவது, சறுக்குகிறவர்களைச் சரிவில் மேலே ஏற்றும் லிஃப்டைப் பற்றிய கேள்விதான். அதுவே சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பனிமலையில் நம்முடைய ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை முடிவுசெய்வது ஹோட்டலும் இல்லை, பனியும் இல்லை. லிஃப்ட்கள் எந்த இடத்தில், எந்த வகையில் இருக்கின்றன என்பதுதான். பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பழனி ரோப் காரில் பலமுறை போயிருக்கிறோம். பனிமலையில் இருப்பதும் அதேதானே?

சொந்தம்தான், ஆனால் ஒன்றே இல்லை. பழனியில் 1966இல் ஓடத் தொடங்கிய விஞ்ச், தண்டவாளத்தில் இருக்கும் பெட்டியைக் கம்பி வடத்தால் இழுக்கிறது. 2004இல் வந்த ரோப் கார், பெட்டியை அந்தரத்தில் தொங்கவிட்டு வடத்தோடு கொண்டுபோகிறது. இரண்டுமே பனிமலைகளில் உண்டு. பழனியில் இல்லாத மூன்றாவது வகை ஒன்றும் அங்கே உண்டு. சறுக்குப் பலகையைக் காலில் மாட்டி நிற்கிறவரை, நின்ற நிலையிலேயே தரையோடு மேலே இழுத்துப் போவது அது.

எந்திரத்தைவிட அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பெரிய வித்தியாசம். பழனியில் ஒருவர் ஒருமுறை ஏறுகிறார், தரிசனம் முடித்து ஒருமுறை இறங்குகிறார். பனிமலையில் ஏறுகிற பக்கம் நிறைந்து ஓடும், இறங்குகிற பக்கம் பெரும்பாலும் காலி. ஏறியவர் சறுக்கியே கீழே வந்துவிடுகிறார். வந்ததும் மறுபடி வரிசையில் நிற்கிறார். நல்ல நாளில் ஒருவரே பத்துப் பதினைந்து முறை ஏறுவார். அதனால் அங்கே லிஃப்ட் என்பது ஊர் போய்ச் சேர்க்கும் வண்டி இல்லை, நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும் ராட்டினம்.

மொத்தம் எத்தனை வகை? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தரையோடு இழுப்பவை, அந்தரத்தில் தூக்குபவை, தண்டவாளத்தில் ஓடுபவை என்று மூன்று குடும்பம்.

தரையோடு இழுப்பதில் மிக எளியது கயிறு மட்டுமே. ஓடும் கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டால் அது இழுத்துப்போகும். அதற்கு அடுத்தது கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ளும் வட்டத் தட்டு. இதைப் பலரும் போமா என்பார்கள், ழான் போமகால்ஸ்கி என்பவர் பிரான்சில் 1930களில் உருவாக்கியதால் வந்த பெயர். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாய்ந்துகொள்வது டி பார். குழந்தைகளுக்கும் புதியவர்களுக்கும் விமான நிலையத்தில் பெட்டி வருகிற பெல்ட் மாதிரி ஒன்று, அதை மேஜிக் கார்ப்பெட் என்கிறார்கள். அதில் ஏறி நின்றால் போதும்.

அந்தரத்தில் போவதில் நாற்காலிகள் தொங்கும் சேர் லிஃப்ட், சிறு பெட்டிகள் வரிசையாகப் போகும் கொண்டோலா, இரண்டே பெரிய பெட்டி உள்ள ட்ராம் என்று மூன்று. தண்டவாளத்தில் போவது நம் விஞ்ச் மாதிரிதான். பெரிய மலைகளில் சுரங்கத்துக்குள்ளேயே ஓடும்.

முதல் லிஃப்டை யார் செய்தார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பகுதியில் ஷோலாக் என்ற சிற்றூரில், விருந்தினர் விடுதி வைத்திருந்த ராபர்ட் வின்டர்ஹால்டர் 1908இல் முதல் லிஃப்டை ஓட்டினார். அவரிடம் தண்ணீரில் சுழலும் மாவு மில் இருந்தது. அதன் சக்கரத்திலிருந்து சக்தியை எடுத்து ஒரு வடத்தைச் சுற்ற விட்டார்; விடுதிக்கு வந்தவர்கள் அதைப் பிடித்து மேட்டில் ஏறினார்கள். 1934இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து உட்ஸ்டாக்கில், ஃபோர்டு கார் எஞ்சினால் ஒரு கயிற்றை ஓட்டினார்கள். அதே வருடம் டிசம்பரில் ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் எர்ன்ஸ்ட் கான்ஸ்டாம் என்ற பொறியாளரின் இழுவை லிஃப்ட் ஓடத் தொடங்கியது. இன்றைய டி பாருக்கு அதுதான் மூத்தது.

சேர் லிஃப்டின் கதையை மதுரைக்காரர்களிடம் சொல்லும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள், ஏனென்றால் அது வாழைத்தாரிலிருந்து பிறந்தது. 1930களில் யூனியன் பசிபிக் என்ற ரயில்வே நிறுவனம், மேற்குப் பக்கம் பயணிகளை இழுப்பதற்காக ஐடஹோ மாநிலத்தில் சன் வேலி என்ற பனிச்சறுக்கு ஊரையே கட்டியது. அந்த நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் கர்ரன், அதற்கு முன்பு கப்பலில் வாழைத்தார் ஏற்றும் எந்திரத்தில் வேலை செய்தவர். நிற்காமல் சுற்றும் வடம், அதில் வரிசையாகக் கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தார். மண்டியில் தார் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். தாரைத் தரையில் போட்டு இழுத்தால் காய் நசுங்கும். காம்பைப் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு சீப்பும் அடிபடாது. கர்ரன் கொக்கியை எடுத்துவிட்டு நாற்காலியை மாட்டினார், அவ்வளவுதான்.

நின்றுகொண்டிருக்கிறவரை ஓடும் நாற்காலி எந்த வேகத்தில் அள்ளலாம் என்று தெரியவில்லை. அதனால் ஒமாஹா நகரத்து ரயில்வே பணிமனையில் ஒரு லாரியின் பக்கவாட்டில் நாற்காலியைத் தொங்கவிட்டு, ரோலர் ஸ்கேட் கட்டிய ஒருவரை நிறுத்தி, லாரியை வெவ்வேறு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். பனியே இல்லாத இடத்தில் நடந்த சோதனை! 1936இல் சன் வேலியில் அந்த நாற்காலிகள் ஓடின.

டி பாரில் எல்லோரும் விழுகிறார்களாமே?

முதல் முறை பெரும்பாலோர் விழுவார்கள். காரணம் ஒன்றே ஒன்று: உட்காரப் பார்ப்பது. டி பார் நாற்காலி இல்லை. தலைகீழான நங்கூரம் மாதிரி ஒரு கட்டை பின்தொடையில் வந்து பொருந்தும். அதற்கு மேலே சுருளில் சுற்றிய கயிறு இருக்கும். பாரத்தைக் கொடுத்து உட்கார்ந்தால் கயிறு நீண்டுகொண்டே வரும், நாம் பனியில் உட்கார்ந்திருப்போம்.

நான் முதன்முதலில் ஏறியபோது என்னோடு வந்தவர் என்னைவிட ஒரு முழம் உயரம் குறைவு. கட்டை எனக்குத் தொடையில், அவருக்கு இடுப்பில். இருபது மீட்டர் போவதற்குள் இருவரும் பாதைக்கு வெளியே கிடந்தோம். அன்றிலிருந்து குழுவில் உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்க்கிறேன். முட்டியைக் கொஞ்சம் மடக்கி, பலகைகளை நேராக வைத்து, கட்டை தள்ளுகிற அழுத்தத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். விழுந்துவிட்டால் உடனே கட்டையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருண்டு ஒதுங்குங்கள். பின்னால் அடுத்த ஜோடி வந்துகொண்டிருக்கும்.

இவ்வளவு தொல்லை தருவதை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள். விலை குறைவு, காற்று அடித்தாலும் ஓடும் என்பவை இரண்டு காரணம். மூன்றாவது காரணம் பனிப்பாறைகள். அங்கே அடியில் இருக்கும் பனிக்கட்டியே வருடாவருடம் மெல்ல நகர்கிறது. கனமான தூணை ஊன்றி நிலையாக நிறுத்த முடியாது. டி பார் தூண் லேசானது, இடம் மாற்றிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு 62 வயது. சேர் லிஃப்ட் நிற்காமலே ஓடுமாம். அவர்களால் ஏற முடியுமா அண்ணே?

முட்டிவலி இல்லையென்றால் முடியும். ஏறுவதற்கு முன் ஆபரேட்டரிடம் சைகை காட்டினால் வேகத்தைக் குறைப்பார், தேவைப்பட்டால் நிறுத்தியும் வைப்பார். கூச்சப்பட வேண்டாம், அது அவருடைய வேலை.

வரிசை இப்படி: முந்திய நாற்காலி கடந்ததும் கோடு வரை முன்னே வந்து நில்லுங்கள். ஊன்றுகோல்கள் இருந்தால் இரண்டையும் ஒரே கையில் பிடியுங்கள். தோளுக்கு மேலே திரும்பி நாற்காலி வருவதைப் பாருங்கள். அது பின்முட்டியைத் தொடும்போது உட்காருங்கள், தாவ வேண்டாம். உட்கார்ந்ததும் பாதுகாப்புக் கம்பியைக் கீழே இறக்குங்கள். மேலே நிலையம் நெருங்கும்போது அறிவிப்புப் பலகை வரும், அப்போது கம்பியைத் தூக்குங்கள். பலகையின் நுனியை மேலே பார்த்தபடி வைத்து, தரை தட்டியதும் எழுந்து நேராகப் போய்விடுங்கள். இறங்கிய இடத்திலேயே நின்று சுற்றிப் பார்க்கக் கூடாது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். துப்பட்டா, முந்தானை, மஃப்ளர், பையின் தொங்கும் வார் எதுவும் வெளியே இருக்கக் கூடாது. இறங்கும்போது நாற்காலியில் மாட்டினால் ஆளையே இழுத்துப்போகும். எல்லாவற்றையும் ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டுத்தான் வரிசைக்கு வர வேண்டும்.

சறுக்காமல் மலையைப் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு மூடிய பெட்டியான கொண்டோலாதான் நல்லது. நடந்து வருகிறவர்களைப் பல சேர் லிஃப்ட்களில் ஏற்றுவதும் இல்லை.

வேகமான லிஃப்ட் இருக்கும் ரிசார்ட்டில் வரிசை சீக்கிரம் நகரும்தானே?

இல்லை. கிட்டத்தட்ட எல்லோரும் தவறாக நினைப்பது இதைத்தான்.

சேர் லிஃப்டில் இரண்டு ஜாதி. ஒன்றில் நாற்காலியின் பிடி வடத்தில் நிரந்தரமாக இறுகியிருக்கும். ஏறுகிறவர் ஓடுகிற நாற்காலியிலேயே ஏற வேண்டும் என்பதால் வடத்தை விநாடிக்கு சுமார் 2.5 மீட்டருக்கு மேல் ஓட்ட முடியாது. இன்னொன்றில் நாற்காலி நிலையத்துக்குள் வரும்போது வடத்தைவிட்டு விலகிவிடும். நெடுஞ்சாலையில் வண்டிகள் பறந்துகொண்டிருக்க, ஒரு பஸ் மட்டும் ஓரமாக ஒதுங்கி ஆள் ஏற்றிக்கொண்டு மறுபடி சாலையில் சேர்வது மாதிரி. வடம் விநாடிக்கு 5 மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். நாற்காலி மட்டும் மனிதர் நடக்கிற வேகத்துக்கு இறங்கி வரும். நான்கு பேர் உட்காரும் இந்த வகை முதலில் 1981இல் கொலராடோ மாநிலத்தின் பிரெக்கன்ரிட்ஜில் வந்தது.

அந்த நிலையத்தின் கூரைக்கு அடியில் ஒருமுறை நின்று மேலே பாருங்கள். நாற்காலி உள்ளே நுழைந்ததும் பிடியின் நெம்புகோல் ஒரு சாய்ந்த தண்டவாளத்தில் ஏறும். ஸ்பிரிங் அமுங்கி, தாடை திறந்து, ‘டக்’கென்ற சத்தத்தோடு வடம் விடுபடும். வரிசையாக இருக்கும் சிறு ரப்பர் டயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நாற்காலியைத் தேய்த்து வேகத்தைக் குறைக்கும். வளைவு சுற்றி வந்ததும் எதிர்ப்பக்கத்து டயர்கள் வேகத்தைக் கூட்டி, வடத்தின் வேகத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து, மறுபடி ஒரு ‘டக்’. பிடி போதுமான இறுக்கத்தில் கவ்வியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கருவி சோதிக்கும். குறைந்தால் லிஃப்டே நின்றுவிடும். நாள் முழுக்க, ஒவ்வொரு நாற்காலிக்கும் இது நடக்கிறது.

இப்போது கணக்கு. நான்கு பேர் நாற்காலி ஆறு விநாடிக்கு ஒன்று வந்தால் நிமிடத்துக்கு 40 பேர், மணிக்கு 2,400 பேர். மெதுவான லிஃப்டில் ஆறு விநாடி என்பது 15 மீட்டர் இடைவெளி. வேகமானதில் 30 மீட்டர். வரிசையில் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றே. மாறுவது மேலே போகும் நேரம்தான். 1,500 மீட்டர் தூரத்தை மெதுவானது 10 நிமிடத்தில் கடக்கும், வேகமானது 5 நிமிடத்தில். அந்த மிச்ச 5 நிமிடம் காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டியவர் இப்போது எங்கே இருப்பார்? ஒன்று சரிவில், இல்லை கீழே வரிசையில். அதனால் வேகமான லிஃப்ட் போட்டபிறகு கீழே வரிசை நீண்ட கதையும் உண்டு. குளிரில் உட்கார்ந்திருக்கும் நேரம் பாதியாகிறது, அது பெரிய நன்மை. வரிசையைக் குறைப்பது வேகம் இல்லை. ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர், அடுத்தது எத்தனை விநாடியில் வருகிறது என்பவை மட்டும்தான். ஆறு பேர், எட்டுப் பேர் நாற்காலிகள் வந்தது அதனால்தான்.

கொண்டோலாவுக்கும் ட்ராமுக்கும் என்ன வித்தியாசம்? பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

எத்தனை பெட்டி என்று எண்ணிப் பாருங்கள். இரண்டே பெரிய பெட்டி, ஒன்று மேலே போக ஒன்று கீழே வந்தால் ட்ராம். கிணற்றுக் கப்பியில் ஒரு வாளி ஏற ஒரு வாளி இறங்குவது போல ஒன்றின் எடை மற்றதைச் சமன்செய்யும். பிரான்சின் ஷமோனியில் 1955 முதல் ஓடும் எகுய் டு மிடி ட்ராம் பயணிகளை 3,777 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. ட்ராமில் தூண்கள் குறைவு, பள்ளத்தாக்கைத் தாண்டலாம். ஆனால் ஒரு பெட்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும்.

சிறு பெட்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தால் கொண்டோலா. வேகமான சேர் லிஃப்ட் போலவே அதன் பெட்டியும் நிலையத்தில் வடத்தை விடும், திரும்பப் பிடிக்கும். பழனி ரோப் கார் இரண்டுக்கும் நடுவில்: சில பெட்டிகள் சேர்ந்து ஏறும்போது எதிர்ப்பக்கம் சில பெட்டிகள் சேர்ந்து இறங்கும், ஆள் ஏற்ற எல்லாம் ஒன்றாக நிற்கும்.

இரண்டின் நல்ல குணத்தையும் சேர்த்தது மூன்று வடக் கொண்டோலா. இரண்டு வடம் தாங்கும், ஒன்று இழுக்கும். கனடாவின் விஸ்லர், பிளாக்கோம் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே 2008இல் இப்படி ஒன்றைக் கட்டினார்கள். மொத்தம் 4.4 கிலோமீட்டர். அதில் 3 கிலோமீட்டருக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது, தரையிலிருந்து 436 மீட்டர் உயரத்தில் பெட்டி போகும்.

ஒரு ரிசார்ட்டில் லிஃப்ட்களை எதை வைத்து அமைக்கிறார்கள்?

நம் ஊர்க் கண்மாயை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். மேட்டில் பெய்த மழை வாய்க்கால் வழியே இறங்கிக் கண்மாயில் சேரும்; அது நிரம்பினால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். பனிமலையில் மனிதர்கள்தான் தண்ணீர். சறுக்குப் பாதைகள் வாய்க்கால்கள். பல பாதைகள் வந்து சேரும் பள்ளம்தான் கண்மாய், லிஃப்டின் அடி நிலையம் அங்கேதான் இருக்க வேண்டும். லிஃப்ட் என்பது அந்தத் தண்ணீரை மறுபடி மேட்டுக்கு ஏற்றும் பம்ப்செட். எந்தப் பாதையின் முடிவிலும் லிஃப்ட் இல்லையென்றால், அங்கே வந்தவர் பலகையைத் தோளில் தூக்கி நடக்க வேண்டியதுதான்.

அடிவாரத்தில் பெரிய கொண்டோலா அல்லது ஆறு பேர் நாற்காலி இருக்கும். காலை ஒன்பது மணிக்கு ஊரே ஒன்றாக வந்து நிற்கும். அந்தக் கூட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் மலைக்கு மேலே விரித்துவிட வேண்டும். மாட்டுத்தாவணியில் வந்து இறங்கியவர்களை டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நாலாபக்கமும் பிரித்துக்கொண்டு போவது போல, நடு நிலையத்திலிருந்து சிறு லிஃப்ட்கள் பிரியும். நாளில் பெரும்பகுதி அந்த நடு மலை லிஃப்ட்களில்தான் கழியும். அடிவாரக் கொண்டோலா மறுபடி முக்கியமாவது மாலையில். கீழ்ச் சரிவில் பனி உருகியிருந்தால் எல்லோரும் அதில்தான் இறங்குவார்கள்.

புதியவர்களுக்கான மேஜிக் கார்ப்பெட் அடிவாரத்திலேயே தனி ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும். வேகமாக வருகிறவர்களின் பாதை அதன் குறுக்கே போகக் கூடாது. ஒரு ரிசார்ட்டின் அக்கறையை நான் முதலில் அளப்பது இதை வைத்துத்தான்.

வடம் நிலையத்தில் மட்டுமே திசை மாறும், நடுவில் வளையாது. அதனால் லிஃப்ட் நேர்கோட்டில் ஏறும். பாதைகள் அதன் இரு பக்கமும் வளைந்து வளைந்து இறங்கும். பூமியின் வடபாதியில் வடக்கு பார்த்த சரிவில் வெயில் குறைவு, பனி நிற்கும். அங்கே லிஃப்ட் போட்டால் பருவம் சில வாரம் நீளும்.

பெரிய லிஃப்ட் போட்டால் நல்லதுதானே என்றால், அதுவும் எப்போதும் இல்லை. வெர்மான்ட்டில் மேட் ரிவர் க்ளென் என்ற சிறிய இடம். அங்கே 1948இல் போட்ட, ஒருவர் மட்டுமே உட்காரும் சேர் லிஃப்ட் பழசாகிவிட்டது. சறுக்க வருகிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவு அது. அவர்கள் நான்கு பேர் நாற்காலி வாங்கவில்லை. 2007இல் அதே ஒற்றை நாற்காலியைப் புதுப்பித்து வைத்தார்கள். மேலே போகிறவர்கள் குறைவு என்றால் சரிவில் நெரிசலும் குறைவு. கண்மாய்க்கு மீறிய பம்ப்செட் வேண்டாம் என்று முடிவெடுத்த அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

ஒரு எச்சரிக்கை. பள்ளத்தாக்குகளை இணைக்கும் பெரிய இடங்களில், பிரான்சின் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதி போல 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை உள்ள இடங்களில், இணைப்பு லிஃப்டின் கடைசி ஓட்டம் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் நீங்கள் நிற்பது வேறு ஊர்; மலையைச் சுற்றி டாக்ஸியில்தான் திரும்ப வேண்டும்.

இந்தியாவில் எங்கே என்ன இருக்கிறது?

குல்மார்க்தான் முதலிடம். புல்வெளி 2,650 மீட்டர். அங்கிருந்து முதல் கட்டக் கொண்டோலா கோங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலைத்தோளில் சுமார் 3,950 மீட்டருக்கும் போகிறது. முதல் கட்டம் 1998இல், இரண்டாம் கட்டம் 2005இல் திறக்கப்பட்டது. ஆறு பேர் பெட்டிகள், பிரான்சின் போமகால்ஸ்கி நிறுவனத்தின் எந்திரங்கள். கோங்டூரிப் பக்கம் ஒரு சேர் லிஃப்டும், கீழே புல்வெளியில் புதியவர்களுக்குச் சிறு இழுவை லிஃப்ட்களும் உண்டு. முதல் மூன்று நாளைக்கு எங்கள் குழு கீழ்ப் புல்வெளியைத் தாண்டுவதே இல்லை.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான். மதுரையின் 100 மீட்டரிலிருந்து கிளம்பி இரண்டாம் நாளே 3,950 மீட்டரில் நின்றால் தலை கனக்கும், மூச்சு வாங்கும். இரண்டாம் கட்டத்தை முதல் மூன்று நாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

உத்தராகண்டின் ஔலியில் சேர் லிஃப்ட் உண்டு. ஜோஷிமடத்திலிருந்து அங்கே ஏறும் சுமார் 4 கிலோமீட்டர் ரோப்வே, 2023 ஜனவரியில் ஜோஷிமடத்தில் நிலம் தாழ்ந்தபோது நிறுத்தப்பட்டது. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

துபாயில் பிள்ளைகள் வேலை பார்க்கும் பெற்றோர் நம் பக்கம் நிறைய. அங்கே 2005இல் திறந்த ஸ்கீ துபாய் என்ற உள்ளரங்கில் நான்கு பேர் சேர் லிஃப்டும் இழுவை லிஃப்டும் இருக்கின்றன. மிக நீண்ட சரிவே 400 மீட்டர்தான். ஆனால் ஏறி இறங்கிப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது: காற்று இல்லை, உயரம் இல்லை.

டிக்கெட் எடுத்தபிறகு ‘இன்று ஓடாது’ என்கிறார்களே, ஏன்?

பெரும்பாலும் காற்று. பெட்டி ஊசலாடித் தூணில் மோதலாம், வடம் உருளையை விட்டு விலகலாம். பழனியில் பலத்த காற்று வந்தால் ரோப் காரை நிறுத்திவைப்பதைப் பார்த்திருப்பீர்கள், விஞ்ச் மட்டும் ஓடும். அதே நியாயம்தான் இங்கேயும். குல்மார்க் இரண்டாம் கட்டம் காற்றுக்காகவும், புதுப்பனி விழுந்தால் பனிச்சரிவு அபாயத்துக்காகவும் மூடும். ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாள் மூடியிருந்ததும் உண்டு. ஒரே ஒரு நாளை மட்டும் நம்பி மேல் மலைக்குத் திட்டம் போடாதீர்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், இது பாதுகாப்பானதா?

பராமரிப்பவர் ஒழுங்காக இருந்தால், ஆம். வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த வடத்துக்கு முடிச்சு கிடையாது. ஆறு புரிகள் முறுக்கிய எஃகு வடம் ஒரு வளையமாக ஓடுகிறது. இரு முனையையும் சேர்க்கும்போது புரிகளைப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று திரும்பப் பின்னி, முனைகளை நடுவே செருகிவிடுவார்கள். இணைப்பின் நீளம் வடத்தின் தடிமனைப் போல 1,200 மடங்கு. 40 மில்லிமீட்டர் வடத்துக்கு 48 மீட்டர். முடிந்தபிறகு கையால் தடவினால்கூட எங்கே சேர்த்தார்கள் என்று கண்டுபிடிப்பது கடினம். அதற்குமேல் பெரிய சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக், பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் அமைப்பு, கரண்ட் போனால் டீசல் எஞ்சின்.

விபத்துகள் நடந்திருக்கின்றன, மறைக்க மாட்டேன். 2017 ஜூனில் குல்மார்க்கில் சூறைக்காற்றில் மரம் சாய்ந்து விழுந்ததில் கொண்டோலாவில் போன 7 பேர் இறந்தார்கள். 2018 மார்ச்சில் ஜார்ஜியா நாட்டின் குடௌரியில் சேர் லிஃப்ட் பின்னோக்கி வேகமாக ஓடிப் பலர் காயமடைந்தார்கள். 2021 மே மாதம் இத்தாலியின் மொட்டரோனே மலையில் இழுவடம் அறுந்து 14 பேர் இறந்தார்கள். அறுந்த பெட்டியை அப்படியே நிறுத்த வேண்டிய அவசர பிரேக்கை, அடிக்கடி தானாகப் பிடித்துத் தொல்லை தருகிறது என்று, இயங்கவிடாமல் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பராமரிப்புக்காக லிஃப்டை நிறுத்தினால் எரிச்சல்படுகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

நடு வழியில் நின்றுவிட்டால்?

பெரும்பாலும் ஏறுமிடத்தில் யாரோ விழுந்திருப்பார், தூக்கிவிட்டதும் ஓடும். நீண்ட நேரம் நின்றாலும் குதிக்காதீர்கள். பாதுகாப்புக் கம்பியைத் தூக்காதீர்கள். துணை எஞ்சினில் மெதுவாக இழுத்து எல்லோரையும் நிலையத்தில் சேர்ப்பார்கள். அதுவும் முடியாவிட்டால் மீட்புக் குழு கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கும். பையில் ஒரு சாக்லேட், உள்பையில் வெதுவெதுப்பாக ஒரு ஜோடிக் கையுறை இருக்கட்டும்.

எந்த பாஸ் வாங்குவது?

புதியவர் முழு மலை பாஸ் வாங்க வேண்டியதில்லை. பல இடங்களில் கீழ் லிஃப்ட்களுக்கு மட்டும் குறைந்த விலையில் தனி பாஸ் உண்டு. ஒருமுறை ஒரு ஏஜென்ட் எங்கள் குழுவில் நான்கு பேருக்கு மேல் மலை வரை டிக்கெட் தலையில் கட்டிவிட்டார். நால்வரும் பலகையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தவர்கள். பணம் திரும்ப வரவில்லை. அதனால் லிஃப்ட் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். பச்சை, நீலக் கோடுகள் எந்த லிஃப்டில் தொடங்குகின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள், அவைதான் சுலபமான பாதைகள். உங்களுக்குத் தேவையானது அந்த லிஃப்டுக்கான பாஸ் மட்டும். குல்மார்க் கொண்டோலா டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பனிக்காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

போகும் முன் இங்கேயே எதையாவது பார்த்துப் பழக முடியுமா மாமா? (குழுவில் வந்த ஏழாம் வகுப்புப் பையன் கேட்டது)

முடியும் தம்பி. அப்பாவோடு பழனிக்குப் போய், போகும்போது விஞ்சிலும் வரும்போது ரோப் காரிலும் வா. விஞ்சில் வடம் தண்டவாளத்துக்கு நடுவே சிறு உருளைகள் மேல் ஓடுவதைப் பார். ரோப் காரில் தூணைக் கடக்கும்போது உருளைகள் மேல் பெட்டி தடதடக்கும். கண்ணை மூடிக்கொள்ளாமல் அண்ணாந்து பார். மேல் நிலையத்தில் இறங்கியதும் வடம் திரும்பும் பெரிய சக்கரம் தெரிகிற இடத்தில் ஐந்து நிமிடம் நில். எத்தனை விநாடிக்கு ஒருமுறை பெட்டிகள் வருகின்றன, ஒரு பெட்டியில் எத்தனை பேர் என்று எண்ணி, மணிக்கு எத்தனை பேர் என்று கணக்குப் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஆனால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்: மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக ரோப் கார் ஓடாது, ஆண்டுப் பராமரிப்பு வந்தால் பல வாரம் நிற்கும்.